யாருக்கும் சிரமமில்லாமல்

ரயில் நிலைய வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கைகளை உயர்த்தியும் இடுப்பை வளைத்தும் உடலைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஃபுஜி மலை நன்றாகத் தெரியும் குன்று ஒன்றில் ஏறி, மாலைக்குள் வீடு திரும்புகிறவர்கள். அவர்களை நடத்திச் செல்பவர் கென்சாகு. அவருடைய மனைவி மினேகோ அன்று பயிற்சியில் சேராமல், காகிதத்தில் சுற்றிய பயற்று இனிப்பை ஆளுக்கொன்றாக நீட்டியபடி வந்தாள்.

"இன்னைக்கு உங்களுக்கெல்லாம் கொஞ்சம் தொந்தரவு குடுப்பேன்னு நெனைக்கிறேன். மன்னிச்சுக்குங்க."

"தப்பு பண்றதுக்கு முன்னாடியே மன்னிப்பா? அப்போ தாராளமா பண்ணுடி," என்றாள் அவளுடைய பள்ளித் தோழி ஹருயோ.

எல்லோரும் சிரித்தார்கள். புறப்படும்போது யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது என்பதால் கென்சாகு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல் குரலை உயர்த்தினார். "பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறிடும். அப்புறம் ஃபுஜிக்குப் பதிலா வெள்ளைத் துணியத்தான் பாக்கணும். யாருக்கும் யாரும் பாரமா இல்லாம நடங்க."

தேவதாரு மரங்களுக்கு நடுவே பாதை செங்குத்தாக ஏறியது. பாதி வழியில் உட்காரப் போட்டிருந்த மரப்பலகை ஒன்றின் அருகே மினேகோ நின்றுவிட்டாள். அந்தக் குளிரிலும் அவள் நெற்றி வியர்த்திருந்தது.

"ஏங்க, நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. புது பூட்ஸ் கடிக்குது."

அவள் அணிந்திருந்தவை பழைய பூட்ஸ்தான் என்பது அவர் கண்ணில் பட்டது. ஆயினும் கூட்டம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மனைவியை முன்னிட்டு அத்தனை பேரைக் காக்கவைப்பது அவருக்கு வெட்கமாயிருந்தது. "நான் வேணா இவளோட இருக்கேன்," என்றாள் ஹருயோ. "தன்னால உன்னோட பொழுதும் போச்சுன்னு அவளுக்கு இன்னும் சங்கடமாயிடும். வா," என்றார் கென்சாகு. மினேகோ அதை ஆமோதிப்பதுபோல் தலையசைத்துச் சிரித்தாள்.

உச்சியில், புதுப்பனி போர்த்திய ஃபுஜி ஒரு மறைப்பும் இன்றி எதிரே நின்றது. படம் எடுத்துக்கொண்டார்கள்; சோற்றுருண்டை தின்றார்கள். இவ்வளவு தெளிவாக மலையைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று ஒருவர் மாற்றி ஒருவர் வியந்துகொண்டார்கள்.

இறங்கி வந்தபோது பலகையில் மினேகோ படுத்திருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண் தன் மேற்சட்டையை அவள்மேல் போர்த்தி, கையைப் பிடித்தபடி தரையில் மண்டியிட்டிருந்தாள். அந்தக் கையில் உயிர் இல்லை.

"ஏறிப் போறப்பவே கேட்டேங்க," என்றாள் அந்தப் பெண், அழுகையை அடக்கிக்கொண்டு. "நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஆளக் கூப்பிடட்டுமான்னேன். சிரிச்சாங்க. 'வேணாம்மா, எங்க வீட்டுக்காரர் மேல மலை பாத்துக்கிட்டிருப்பார், அதக் கெடுத்துடாதீங்க'ன்னாங்க. நானும் நம்பிப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா..."

மீட்புப் படையினர் வந்தார்கள். அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஈமச்சடங்கன்று, ஊதுபத்திப் புகைக்கு முன்னால் ஹருயோ கென்சாகுவின் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "ஒரு மாசமாவே அவளுக்கு நெஞ்சு வலி. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. மருத்துவமனை, அலைச்சல், எல்லாருக்கும் தொந்தரவுன்னா. நானும் ஒழுங்கா வாயப் பொத்திக்கிட்டேன். நல்ல சிநேகிதி நான்."

பழைய பூட்ஸைப் பார்த்த பிறகும் தாம் நடந்துபோனதைக் கென்சாகு யாரிடமும் சொல்லவில்லை.

வசந்தத்தில், நண்பர்கள் வற்புறுத்தியதால் அவர் மீண்டும் நடைக்கு வந்தார். ஏற்றத்தில் ஒகிமோத்தோ என்பவர் பின்தங்கினார். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார்.

"ஒண்ணுமில்ல தலைவரே. நீங்க போங்க, நான் மெதுவா வந்துர்றேன்."

கென்சாகு திரும்பி இறங்கிவந்தார். முதுகுப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒகிமோத்தோவின் அருகில் மண்ணிலேயே உட்கார்ந்தார். மற்றவர்கள் தயங்கி நின்றார்கள். "இங்க உக்காந்துட்டா மலையப் பாக்க முடியாதே, தலைவரே," என்றது ஒரு குரல்.

"பாக்க வேணாம்," என்றார் அவர். "வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்றது யாருக்கும் தொந்தரவில்ல. அதச் சொல்லவே வெக்கப்படுற மாதிரி மனுசங்கள நாம பழக்கி வச்சிருக்கோமே, அதுதான் பாவம். 'ஒண்ணுமில்ல'ன்னு ஒருத்தர் சொன்னா, நம்பிட்டுப் போறது மரியாதை இல்ல. பக்கத்துல உக்காந்து இன்னொரு தடவ கேக்கணும். ஒகிமோத்தோ, எங்க வலிக்குது?"

ஒகிமோத்தோ தலை குனிந்தார். பிறகு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல், மெல்லத் தம் இடது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.