ஈரலும் சேர்ந்து ஆடியது

மதிப்பெண் வந்ததிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பித்தப்பை அறுவையின் வீடியோவை அலசிய கணினி, அக்காவுக்குப் பத்துக்கு நாலு போட்டிருந்தது. காரணம்: கை நடுக்கம். அக்கா கூடப் பிறந்தவள் அல்ல. அறுவைப் பயிற்சியில் மூன்று வருடம் மூத்தவள். இந்த ஒரு வீடியோ தேறியிருந்தால் இனி அவள் தனியாகவே கத்தி பிடிக்கலாம்.

அந்த அறுவையில் நோயாளியின் வயிற்றுக்குள் விட்ட கேமராவைப் பிடித்திருந்தது இவள். ஆடாமல் அசையாமல் பிடிப்பதால் எல்லோரும் வைத்த பெயர் ‘ஸ்டாண்டு’. அன்று பார்த்து இவள் சாப்பிடாமல் வந்திருந்தாள். நாற்பதாவது நிமிடம் மணிக்கட்டு வெடவெடத்தது.

“நாலாம்டி ஸ்டாண்டு. எங்க வீட்டு மிக்ஸிக்கே அஞ்சு போட்டிருக்கும்,” என்றாள் அக்கா. கையிலிருந்த காபி ஆடை கட்டியிருந்தது.

“அக்கா, அன்னைக்கு நான்...”

“என் கைதான் சரியில்ல போல. விடு, அடுத்த வருஷம் பாப்போம்.”

போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா.

“சாப்பிட்டியாடி?”

“ம், ஆச்சும்மா.”

“குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வருது?”

வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். மாடிப்படி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஆடியது கேமராதான் என்று சொன்னால் தன்னை அறுவை மேஜைப் பக்கமே விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் அக்காவுக்கு ஒரு வருடம் போச்சு.

கடைசியில் மதிப்பெண்களைச் சரிபார்க்கும் டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சார், அக்காவுக்குப் போட்ட நாலு மார்க் தப்பு.”

“நாலு வாங்கின எல்லாருக்கும் அது தப்புதாம்மா.”

“நாற்பதாவது நிமிஷத்தைப் போடுங்க சார்.”

போட்டார். திரையில் கருவியின் முனை நடுங்கியது.

“பின்னால ஈரலைப் பாருங்க. கை நடுங்கினா கருவி மட்டும்தானே ஆடணும்?”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கருவி, பித்தப்பை, ஈரல் எல்லாமே குண்டுங்குழியுமான ரோட்டில் பஸ் போவதுபோல் ஒன்றாகக் குலுங்கின.

“அட, ஆமா. கேமரா யாரு பிடிச்சது?”



“நான்தான் சார். அன்னைக்குக் காலைல ஒண்ணும் சாப்பிடல, கை ஆடிடுச்சு.”

அவர் நாலை அடித்துவிட்டு ‘மறுமதிப்பீடு’ என்று எழுதினார். பிறகு வேறொரு தாளை எடுத்தார்.

“ரெண்டு மாசம் உனக்குப் பயிற்சி அறையில இருக்கிற பொம்மை வயிறுதான். ஆபரேஷன் தியேட்டர் பக்கம் தலை காட்டாத.”

“சரிங்க சார்.”

படியிறங்கிக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டாள்.

“இன்னும் சாப்பிடலம்மா. பொய் சொன்னேன்.”

“அது அப்பவே தெரியும். முதல்ல போய்ச் சாப்பிடு.”