பூதம் இருந்த முடிவு

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் அவளுக்குக் ‘கதை’ என்று பெயர். வைத்தவர் பிளாஸ்டர் அண்ணன். அவருக்கும் அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. காலையிலிருந்து மாலைவரை பிளாஸ்டர் கரைத்துக் கரைத்துப் புருவம்கூட வெளுத்துப்போனதால் வந்தது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அண்ணன் அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் வடிவத்தை எடுத்துக் கொடுப்பார். அதன்மேல் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஊற்றிய பிளாஸ்டர் இறுக முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பதினோரு வருடமாக அவள் கதை எழுதினாள்.

எல்லாம் மாயாஜாலக் கதைகள். மிதக்கும் தீவு, பொய் சொல்லும் ஆறு, நிழலைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகத் தேடும் அரசன். எழுதி முடித்ததும் ஏதாவது ஒரு சிறுகதைப் போட்டிக்கு அனுப்பிவிடுவாள். இருபத்து மூன்று போட்டிகளுக்கு அனுப்பியிருந்தாள். ஒன்றிலும் ஆறுதல் பரிசுகூட இல்லை. ஒரே ஒரு நடுவர் மட்டும் கடிதம் போட்டிருந்தார். “கற்பனை வளம் உண்டு. வாழ்க்கைக்கு நெருக்கமாக எழுதிப் பழகவும்.” அவள் கணவன் அதை உரக்கப் படித்துவிட்டு, “அவருக்கு வாழ்க்கையில ஒரு பூதம்கூட வரலை போல, பாவம்” என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தக் கணவன் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, வேலை செய்த கிடங்கில், நாற்காலியிலிருந்து எழுந்தவன் அப்படியே சரிந்து விழுந்து இறந்துபோனான். முப்பத்தொன்பது வயது. முன்னால் ஒரு காய்ச்சல் தலைவலிகூட இல்லை.

பதினாறாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். அழவில்லை. வீட்டிலும் அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம், பல் பிடுங்க ஊசி போட்டவர்கள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படித் தன்னைத் தொட்டுப் பார்த்தாள். உதடு இருந்தது. உணர்ச்சி இல்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், முன்பைவிட வேகமாகப் பல் நட்டாள். முதலாளிக்கு மகிழ்ச்சிதான்.

வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். “என்கிட்ட வந்துடும்மா” என்று கிழவியின் மகள் இரண்டு முறை வந்து கூப்பிட்டாள். “இவளைத் தனியா விட்டுட்டு எங்க வர?” என்று அத்தை அசையவில்லை. ஆனால் இருவரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அரிசி தீர்ந்ததா, மோட்டார் போட்டாயா, மாத்திரை சாப்பிட்டாயா. அவ்வளவுதான் பேச்சு.

பதினான்கு மாதத்தில் அவள் எழுதியது ஒரே ஒரு கதை. ‘மூடிய ஜாடிகள்’ என்று தலைப்பு. இறந்தவர்களின் குரல்களை ஒரு பூதம் மண்ஜாடிகளில் அடைத்து மலையுச்சியில் காவல் காக்கிறது. கணவனை இழந்த ஒருத்தி அவன் குரலைக் கேட்டு வாங்கிவர மலையேறிப் போகிறாள். இதுதான் கதை. எழுதியதும் வழக்கம்போலப் பிளாஸ்டர் அண்ணனிடம் ஒரு பிரதியைக் கொடுத்தாள். இன்னொன்றை ஒரு வாரப் பத்திரிகையின் போட்டிக்கு அனுப்பினாள். அனுப்பியதை மறந்தும் போனாள்.

இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். அவள் ஒரு கையில் சூடான மெழுகுக் கத்தியோடு பேசினாள்.

“மேடம், உங்க கதை கடைசி அஞ்சுல வந்திருக்கு. நடுவர்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒரே ஒரு சின்ன விஷயம்.”

“சொல்லுங்க சார்.”

“அந்தப் பூதம்தான் இடிக்குது. நம்மளது குடும்பப் பத்திரிகை பாருங்க. எல்லாம் அவ கண்ட கனவுன்னு முடிச்சிட்டா சரியாப் பொருந்திடும். காலையில முழிச்சுப் பாக்கறா, புருஷன் அடுப்படியில காபி போட்டுக்கிட்டு இருக்கான். படிக்கிறவங்களுக்கும் அப்பாடான்னு இருக்கும். என்ன சொல்றீங்க?”

அவருக்கு எதுவும் தெரியாது. தெரிய வழியும் இல்லை.

“சரி சார்” என்றாள்.

“வருத்தம் ஒண்ணும் இல்லையே?”

“இல்ல சார்.”

அது பொய்யில்லை. அடுத்த அச்சு இறுகுவதற்குள் புதிய முடிவை எழுதிவிட்டாள். ஒன்பது வரி. மனைவி திடுக்கிட்டுக் கண்விழிக்கிறாள், பாத்திரச் சத்தம் கேட்கிறது, எழுந்து போய்ப் பார்க்கிறாள், அவன் நிற்கிறான். படித்துப் பார்த்தபோது ‘காபி’யில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டு அனுப்பினாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. கதை அச்சில் வந்தது.

பிளாஸ்டர் அண்ணன் பத்திரிகையைக் கடையிலேயே நின்று படித்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

“கதை, பூதம் எங்க போச்சு?”

“எடுத்துட்டேன் அண்ணே.”

“ஏன்?”

“எடுக்கச் சொன்னாங்க.”

“சொன்னா எடுத்துடறதா? நாளைக்கு ஒரு டாக்டர், முன்பல்லு ரெண்டையும் எடுத்துட்டு செட்டு அனுப்புன்னு சொன்னா எடுத்துடுவியா?”

“சீட்டுல எழுதிக் கொடுத்தா எடுத்துத்தானே அண்ணே ஆகணும்.”

அண்ணன் தன் இடத்துக்குப் போனார். தன் மேசை இழுப்பறையைத் திறந்து, அவள் முதலில் கொடுத்திருந்த பிரதியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஓரமெல்லாம் வெள்ளை விரல் தடங்கள். “நான் இதை மூணு தடவை படிச்சேன். எங்க வீட்டுக்காரியும் படிச்சா. இந்தா, நீயே வச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தாள்களை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

வீட்டில் நடந்தது வேறு. அத்தை அதுவரை மருமகளின் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பேய் பிசாசெல்லாம் யாருக்கு வேண்டும் என்பாள். பத்திரிகையில் பெயர் வந்திருக்கிறது என்றதும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டி ஒரு மணி நேரம் படித்தாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“கனவுன்னு எழுதிட்டியா” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நல்லா எழுதியிருக்கேம்மா. அடுப்படியில வந்து நிக்கிறான்.”

மருமகள் வாசற்படியில் நின்றபடி, “ஆமா அத்தை” என்றாள். அத்தை அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் பகல் சாப்பாடு முடிந்ததும் எடுத்துப் படித்தாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தாள். மகன் போன பிறகு அவள் பகலில் தூங்கியது அந்த வாரம்தான்.

பரிசளிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நூலக மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி நிரம்பியிருந்தது. அத்தை கூடவே வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, கத்தரித்த பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். பரிசு பெற்றவர்கள் கதையின் கடைசிப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. மூன்றாம் பரிசுக்காரர் வாசித்து முடித்ததும் அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் பத்திரிகையின் இன்னொரு பிரதியைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள். குரல் சீராகத்தான் இருந்தது. கீழே அத்தையின் விரல் வரிவரியாகக் கூடவே வந்தது. மலை ஏறியாயிற்று, பூதம் கதவைத் திறந்தாயிற்று. “அப்போது அவள் திடுக்கிட்டு” என்று வாசித்தாள். அடுத்த சொல் ‘கண்விழித்தாள்’. அது வாயிலிருந்து வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். “அப்போது அவள் திடுக்கிட்டு.” தாடை இறுகிக்கொண்டது. யாரோ அவளுக்காகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். அவள் பத்திரிகையை மூடிவிட்டுக் கைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தாள். பிளாஸ்டர் தூள் மேடைமேல் உதிர்ந்தது. கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தாள்.

“பூதம் ஒரு ஜாடியை இறக்கி அவள் கையில் வைத்தது. ‘திறக்கலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான் பேசும். பேசி முடித்ததும் ஜாடி காலியாகிவிடும்’ என்றது. அவள் திறக்கவில்லை. காதோடு வைத்துக் கேட்டாள். உள்ளே அவன் யாரோடும் பேசவில்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தான். ‘இங்கதானே வச்சேன், சாவியை இங்கதானே வச்சேன்’ என்று முணுமுணுத்தபடி அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான். அவள் வெகுநேரம் கேட்டாள். பிறகு ஜாடியைப் பூதத்திடம் திருப்பிக் கொடுத்தாள். ‘மேல்தட்டில் வை. காற்று படாத இடமாகப் பார்த்து வை’ என்றாள். பூதம் அப்படியே வைத்தது. ‘நீயும் போய்விட்டால் இங்கே யாரும் வரமாட்டார்கள்’ என்றது. ‘தெரியும்’ என்று சொல்லிவிட்டு அவள் மலையிறங்கினாள்.”

வாசிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரம் அத்தையின் விரல் காகிதத்தில் இடம் தெரியாமல் அலைந்தது. பிறகு நின்றுவிட்டது. மருமகள் நிமிர்ந்து பார்த்தபோது அத்தையின் முகம் காகிதத்தில் இல்லை, அவள்மேல் இருந்தது. என்ன முகம் என்று அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

கைதட்டினார்கள். பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. படியிறங்கும்போது பத்திரிகை ஆசிரியர் பக்கத்தில் வந்தார்.

“மேடம், அச்சுல வந்தது வேற இல்ல?”

“ஆமா சார்.”

“நாம பேசி முடிவு பண்ணினதுதானே?”

“வாய்ல வரல சார்.”

அவர் மேலே ஏதோ சொல்ல வந்தவர், முதல் பரிசுக்காரரைக் கூப்பிட்டுவிட்டதால் போய்விட்டார்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அத்தை காகிதத்தைச் சின்னதாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். நாலு நிறுத்தம் தாண்டியது. தப்புப் பண்ணிவிட்டோம் என்று மருமகள் நினைத்தாள். கிழவிக்குக் கிடைத்த ஒரே தூக்கத்தையும் பறித்துவிட்டோம் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, அது அவளுக்கு வலிக்கவில்லை.

“ஏம்மா” என்றாள் அத்தை. “அவன் என்னைக்குக் காபி போட்டான்?”

“போட்டதில்ல அத்தை.”

“வெந்நி வைக்கக்கூடத் தெரியாது அவனுக்கு. நானும் பத்து நாளா படிக்கிறேன், யாரோ அடுப்படியில நிக்கிறாங்க, யாருன்னு முகம் வரலை. பெத்த பிள்ளை முகம் மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன்.” மூச்சு வாங்கினாள். “சாவிதான் அவன். சட்டைப்பையிலயே வச்சுக்கிட்டு வீட்டையே தலைகீழாப் புரட்டுவான்.”

“ஒரு தடவை சோத்துப் பானைக்குள்ள பார்த்தார்” என்றாள் மருமகள்.

“பானைக்குள்ளயா?”

“மூடியத் திறந்து பார்த்தார் அத்தை. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சதும், சோறு வெந்துடுச்சான்னு பார்த்தேன்னார்.”

அத்தை சிரித்தாள். பஸ்ஸில் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று சொல்ல முடியாது. மருமகள் அவள் முதுகில் கையை வைத்தாள். தனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வெயிலில் காய்ந்திருந்த ஜன்னல் கம்பி இன்னொரு கையைச் சுட்டது. எடுத்துக்கொண்டாள். உள்ளங்கை சிவந்திருந்தது. வீடு வரும்வரை அதில் எரிச்சல் இருந்தது.

மறுநாளிலிருந்து வேலை பழையபடி நடந்தது. மேடையில் பழைய முடிவை வாசித்ததைப் பிளாஸ்டர் அண்ணனிடம் சொன்னபோது, “நிஜமாவா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அவளுக்கும் தனக்கும் டீ வாங்கிவந்தார். அவன் போனதில் ஒன்றும் மாறிவிடவில்லை. சில நாள் காலையில் எழுந்ததும் உடம்பு கல்லாகத்தான் கிடந்தது. ஆனால் சாப்பிடும்போது இரண்டு பெண்களும் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். பெரும்பாலும் அவனைத் திட்டித்தான்.

அடுத்த வருடம் அதே பத்திரிகையில் போட்டி அறிவிப்பு வந்தது. விதிகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: ‘பரிசு பெற்றவர்கள் அச்சில் வந்த பகுதியை மட்டுமே மேடையில் வாசிக்க வேண்டும்.’ அண்ணன் அதைக் கத்தரித்து அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். “ஒருத்திக்காக ஒரு விதியே போட்டிருக்காங்க. இதைவிடப் பெரிய பரிசு எவனுக்குக் கிடைச்சிருக்கு?” என்றார்.

அவள் அந்த வருடமும் அனுப்பினாள். பொய் சொல்லும் ஆற்றைப் பற்றிய பழைய கதையையே புதிதாக எழுதி அனுப்பினாள். போன் எதுவும் வரவில்லை. முடிவு வந்தபோது பட்டியலில் அவள் பெயர் இல்லை. பட்டியலை ஒரு முறை படித்துவிட்டு, காத்திருந்த கீழ்வரிசைக்கு மெழுகு உருக்கப் போனாள்.

இப்போதெல்லாம் போட்டிக்குப் போகுமுன் கதை அத்தையிடம் போகிறது. அவளுக்காகப் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வரி வீதம் எழுதித் தர வேண்டியிருக்கிறது. பேய் பிசாசில் கிழவிக்கு இப்போது ஒரு தகராறும் இல்லை. மற்றதில்தான்.

“இந்த ராஜா ரொம்பப் பேசறான்” என்றாள் போன வாரம், பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு.

“குறைச்சுடறேன் அத்தை” என்று தாள்களை வாங்கிக்கொண்டாள் அவள்.