நிமிராத கேள்விக்குறி

1
எரிச்சலில் பிறந்த கதை இது. பாப்பாரப்பட்டி அச்சகமொன்றில் பக்கம் வடிவமைப்பது என் வேலை; மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இட்டாலிக் எனும் சாய்வெழுத்தை ஒட்டி வரும் நிறுத்தற்குறி சாய வேண்டுமா, நிமிர வேண்டுமா என்று ஒருநாள் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. விதி எளிது: சாய்ந்த சொற்களுக்கே உரிய குறி என்றால் அதுவும் சாயும், அவற்றை எடுத்துச் சொல்கிற வெளியாட்களுடையது என்றால் நிமிர்ந்து நிற்கும். இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்கிறீர்களா? நானும் அதையேதான் கேட்கிறேன்.

2
முதல் தொடக்கம்: "மழை ஓய்ந்த நல்லம்பள்ளியில்..." வேண்டாம். மழையே பெய்யவில்லை.

இரண்டாவது: மனைவி ராயம்மாளின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க சவுரியப்பன் வந்தார், மகள் சுபாவோடு. இறந்தவர் பேசியதைச் சாய்வெழுத்தில்* போடுவது எங்கள் வழக்கம். கடைசி வரியை அவர் சொன்னார்: வூட்டுக்குப் போலாமா?

(*சாய்வெழுத்தாவது மண்ணாவது. கணினி நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது. தள்ளிய துணைக்கால், பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் குறியின்மேல் போய் முட்டுகிறது.)

3
ஆஸ்பத்திரியில் ராயம்மாள் சுபாவிடம் கேட்டது அது. "நாளைக்குப் போலாம்மா" என்றிருக்கிறாள் சுபா. அன்றைக்கே அம்மா இறந்துவிட்டாள்.

"பூசையில ஃபாதர் அட்டைய வாசிப்பாருங்க. ஊரே என்னையத்தான் பாக்கும். அந்த வரி வேணாங்க" என்றாள் சுபா.

"அவ கடேசியா பேசுனதே அதான். அதயும் எடுத்துட்டா அட்டையில அவ எங்க இருக்கா?" என்றார் சவுரியப்பன்.

சும்மா இருந்திருக்கலாம். நான் விதியோடு உள்ளே புகுந்தேன். "கேள்விக்குறிய மட்டும் நிமித்திடலாங்க. அப்ப அது அவுங்க கேட்டதா இருக்காது. குடும்பமே கேக்கற மாதிரி ஆயிரும்."

"அவ கேட்டத நாங்க எதுக்குங்க கேக்கணும்? அதுவுமில்லாம, ஃபாதரு வாசிக்கறப்ப சாஞ்சது நிமுந்தது காதுல வுழுமா?" என்றார் சவுரியப்பன்.

விதி அங்கேயே செத்தது.

4
சுபாவின் கண்களில் நீர் (இதை வெட்டிவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.)

திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "சாஞ்சே இருக்கட்டுங்க. எங்கம்மா கேட்டது. என்னையத்தான் கேட்டாங்க."

அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

5
முடிவு ஒன்று: பூசையில் அந்த வரி வந்ததும் சுபா எழுந்து வெளியே போகிறாள். முடிவு இரண்டு: அப்பா அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டும் பொய். நான் பூசைக்குப் போகவில்லை, போகத் தைரியமும் இல்லை.

அந்த வரியை நீங்களே ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், உங்கள் அம்மாவின் குரலில். சுபா என்ன செய்தாள் என்பதை அப்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.