புகைப் பதிவேட்டில் அம்சத்தின் கையெழுத்து

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்ப் பதிவேட்டிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டிக்கொள்ளலாம். நான் மீரா உசேன், குடவாசல் பக்கத்து அரிசி ஆலையில் குமாஸ்தா. பாய்லர் புகையையும் உமித் தூசியையும் தொழிலாளிகள் எவ்வளவு சுவாசித்தார்கள் என்று வாராவாரம் திங்கட்கிழமை அளந்து எழுத வேண்டும். அளக்கிற கருவியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் எழுதினேன். என் முதல் புனைவு அதுதான்.

2

தொடக்கம் ஒன்று: "கடைமடை வயல்களில் பொன்னிறக் கதிர்கள்..." சீ! (அடித்துவிட்டேன். கதிருக்கு இருமல் வராது.)

தொடக்கம் இரண்டு: "அம்சம் பதினேழு வருஷமாகப் பாய்லருக்கு உமி தள்ளுகிறவர். அவர் மூச்சு..." (முடிக்க முடியவில்லை. கிடக்கட்டும்.)

3

ஆயுத பூஜையன்று ஆலையில் பதிவேடுகளுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அன்றைக்கே, வரப்போகும் ஐம்பத்திரண்டு வாரத்துக்கும் கையெழுத்து வாங்கிவிடுவேன். எல்லார் கையிலும் பொரிகடலைப் பொட்டலம் இருக்கும், யாரும் முகம் சுளிப்பதில்லை.

"எதுக்கு தம்பி இத்தன கையெழுத்து?" என்று கேட்டார் அம்சம் அக்கா.

"முகக்கவசம் வாங்கிக்கிட்டதுக்குக்கா. உங்க நல்லதுக்குத்தான்."

"கவசம் எங்க?"

"வரும்க்கா."*

* வரவில்லை. புகைக்காக ஆலையில் இருபத்திரண்டு படிவங்கள் உண்டு, புகையை வெளியே தள்ள ஒரு மின்விசிறி கிடையாது. அட பாவிகளா! (என்னையும் சேர்த்துத்தான்.)

4

தை மாதம் அம்சம் அக்கா மூச்சு முட்டி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது. வேலையால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டால்தான் ஆயுசு முழுக்க வைத்தியம் கிடைக்கும். பதிவேடோ எல்லா வாரமும் 'வரம்புக்குள்' என்கிறது, பக்கத்தில் அவர் கையெழுத்தோடு.

ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு திங்கட்கிழமைகளிலும், கவசம் போட்டுப் பாய்லர் முன்னால் நின்றதாக அது சொல்கிறது. அந்த இரண்டு வரி போதும், மொத்தப் பதிவேடும் பொய் என்று காட்ட.

முதலாளியும் கண்டுபிடித்துவிட்டார். "உசேன், அந்தப் பக்கத்த மட்டும் மாத்தி எழுதிடுங்க. நாளைக்குத் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வர்றாரு."

அக்கா இருமலுக்கு நடுவில் சொன்னார்: "நீங்க எழுதுனதத்தான் நம்புவாங்களாம் தம்பி. நெசத்த எழுதுங்களேன்."

5

முடிவு அ: மாற்றி எழுதுகிறேன். என் வேலை தப்பும், அக்காவின் வைத்தியம் போகும்.

முடிவு ஆ: அப்படியே அதிகாரியிடம் கொடுத்து, "எல்லாம் என் கற்பனை" என்கிறேன். வேலை போகும், வழக்கும் வரும். மகள் சுமையாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு...

முடிவு இ: அதிகாரி வரவே இல்லை. (தூ! கோழை எழுதுகிற முடிவு.)

நான் எதையும் எழுதப்போவதில்லை. நடக்குமுன்னே எழுதிவைத்துத்தான் அந்தம்மாவை இந்தக் கதிக்கு ஆளாக்கினேன். பதிவேடு மேஜைமேல் குங்குமக் கறையோடு திறந்திருக்கிறது. 'குறிப்பு' என்ற கட்டம் மட்டும் காலி. அக்கா எதிர் நாற்காலியில் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கிறார்.

இனி பேனாவை நீங்கள் பிடியுங்கள். எதை எழுதினாலும் அவர் முகத்தைப் பார்த்து எழுதுங்கள். நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.