ஆறாவது குழுவில் ஒருத்தி

1.

இது நான் கற்பனை செய்த கதையல்ல. தேனியில் நுரையீரல் ரத்தக்குழாய் நோய் பற்றிய ஆய்வொன்றில் வேலை பார்க்கும் என் மனைவி சுபாஸ்ரீ, சோற்றைப் பிசைந்தபடி சொன்னது. (பெயர்களை மட்டும் நான் வைத்தேன்.) சிரிப்புக் கதை என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2.

'மேகமலையின் பச்சைச் சரிவுகளில் மூடுபனி...'

வேண்டாம். மூச்சு வாங்குகிறவளுக்குச் சரிவு அழகாகத் தெரியாது.

வியாகுலமேரி ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவள். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடிவிட்டதால் பத்தடி நடந்தால் நின்றுவிடுவாள். ஆய்வுக்காரர்கள் அவளுடைய மரபணு, ரத்தத்தின் புரதங்கள், நடை, தூக்கம் என்று ஒன்றுவிடாமல் அளந்தார்கள்.

"படுக்கும்போது எத்தனை தலையணை வைப்பீங்க?" என்று கேட்டாள் சுபாஸ்ரீ.

"தலையணையே கெடையாது மேடம். செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குறேன்."

மூச்சு முட்டுகிறவர்கள் தலையை உயர்த்திப் படுப்பதால், தலையணை கூடக்கூட நோய் அதிகம் என்பது படிவத்தின் கணக்கு. பூஜ்யம் போட்டால் மேரிதான் எல்லோரையும்விட ஆரோக்கியமானவள். சுபாஸ்ரீ கட்டத்தைக் காலியாக விட்டாள். கணினிப் படிவம் பிழை என்று சிவந்தது.

3.

அந்த அளவுகளை வைத்துக் கணினி நோயாளிகளை ஐந்து குழுக்களாகப் பிரித்தது. மேரி எதிலும் சேரவில்லை. ஆறாவதாக ஒரு குழு, அதில் அவள் மட்டும்.

பத்துப் பேர் இல்லாத குழுவை நீக்கிவிடலாம் என்றார் பெரிய டாக்டர். நீக்கினால் ஆய்வில் தரும் மாத்திரையும் நின்றுவிடும். சுபாஸ்ரீ தயங்கித் தயங்கி மேரியிடம் போனில் சொன்னாள்.

"பத்துப் பேருதான வேணும்?" என்றாள் மேரி. தோட்டத்தில் மகளிர் குழு நடத்தியவள்.

4.

மறுவாரம் ஒரே ஜீப்பில் மேரியோடு பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கணவன் பீட்டர்ராஜ், தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருக்கும் பெண்கள், கூடலூரிலிருந்து அக்கா சுகிர்தம்.

"கையெழுத்து எங்கன போடணும் மேடம்?" என்று கேட்டாள் மேரி.

"இது ஆள் சேக்குற குழு இல்லம்மா. ரத்தத்தைப் பாத்துச் சேக்குறது."

"அப்ப பாருங்க. அதுக்குத்தான வந்திருக்காக."

பீட்டர்ராஜ் அதற்குள் சட்டைக்கையை மடித்துக் கையை நீட்டியிருந்தார்.

(இந்த இடத்தில் நான் சிரித்தேன். சுபாஸ்ரீ சிரிக்கவில்லை.)

அன்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்றவர்கள் உள்ளே வந்த பிறகும் சுகிர்தம் மட்டும் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கக் காத்து நின்றாள். முதலில் அவளிடம்தான் ரத்தம் எடுத்தார்கள்.

5.

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. நான் இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்காவின் ரத்தம் பொருந்துகிறது. மேரிக்கு ஒரு துணை கிடைக்கிறது (பத்துக்கு இன்னும் எட்டு வேண்டும்), அக்காவுக்கு அதே நோய். மற்றதில் பொருந்தவில்லை, அக்காவுக்கு வெறும் சளி, மேரி மறுபடியும் தனி, பிறகு...

இரண்டையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் நேற்று மேரி போன் செய்திருக்கிறாள்.

"அக்கா ரத்தம் சேரலைன்னா ஆய்வுலருந்து என்னைய எடுத்துருங்க மேடம், பரவால்ல. சேந்துருச்சுன்னா எங்கிட்டச் சொல்லாதீக."

என்ன பதில் சொல்வது என்று சுபாஸ்ரீ என்னைக் கேட்டாள். நான் உங்களைக் கேட்கிறேன்.