சோப்பு என்றால் நிறுத்து

கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சம்பந்திகள் இரண்டு பேர் வாள் எடுத்துச் சண்டை போட்ட கதையைச் சொல்லப் போகிறேன். சிரிக்காதீர்கள். இரும்பு வாள்தான், முனையும் விளிம்பும் மட்டும் மழுக்கியது. அடிபட்டவருக்கு வலி தோளில். அடித்தவருக்கு எங்கே என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

ஒரு ஊரில் பூட்டு ரிப்பேர் செய்து சாவி வெட்டிக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். சாவிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய ஒரே மகனுக்கு, அதே தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவரின் மகளைக் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு அப்பன்மாரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிநேகிதர்கள். அந்தச் சிநேகிதம் பிடித்தது எங்கே தெரியுமா? போர்க்களத்தில்.

ஊருக்கு வெளியே இடிந்த கோட்டை ஒன்று. அந்தக் காலத்தில் அங்கே பெரிய முற்றுகை நடந்ததாம். வருஷத்தில் ஒரு நாள் அந்தச் சண்டையை அப்படியே நடித்துக் காட்ட ஊரில் ஒரு குழு இருந்தது. பஸ் டிரைவர், தையல்காரர், பேங்க் கேஷியர் எல்லோரும் அன்றைக்கு மட்டும் படைவீரர்கள். கேஷியர் தொப்பையை உள்ளே இழுத்துக் கவசம் மாட்டுவதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வரும். சாவிக்காரர் கோட்டையைக் காக்கிற படை, கண்ணாடிக்காரர் முற்றுகை போடுகிற படை. சரித்திரத்தில் கோட்டைதான் ஜெயித்தது, மாற்ற முடியாது. ஆகவே வருஷா வருஷம் கண்ணாடிக்காரர் சாவிக்காரர் கையால் வெட்டுப்பட்டுச் சாவார்.

"எல்லார் வீட்டுலயும் சம்பந்தி சண்டை கல்யாணத்தோட முடிஞ்சிரும். நாங்க மட்டுந்தான் டிக்கெட் போட்டு நடத்துறோம்" என்பார் கண்ணாடிக்காரர். தன் கடையில் நாள் முழுக்கக் கண்ணாடியை உடையாமல் பார்த்துக்கொள்கிற மனுஷனுக்கு, ஒரு நாளாவது தடாலென்று விழ வேண்டும். அதற்காகவே வருஷம் பூராவும் காத்திருப்பார்.

விளையாட்டுச் சண்டை என்றாலும் விதி கடுமை. அதைக் கட்டிக் காத்தவர் விசில் அக்கா. மற்ற நாட்களில் நீச்சல் குளத்தில் காவல் பார்க்கிறவர். காலையில் எல்லா வாளையும் விரலால் தடவிப் பார்ப்பார். பிசிறு இருந்தால் அந்த வாள் களத்துக்கு வராது. தோளுக்கு மேலே, கழுத்து தலைப் பக்கம் வீசக் கூடாது. எதிராளி கண்ணைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகுதான் வீச வேண்டும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம் நிற்கிறது, அங்கே முதுகு காட்டிப் பின்வாங்கக் கூடாது. செத்து விழுந்தவன் கை காலை ஒடுக்கிக்கொண்டு கிடக்க வேண்டும்.

"செத்தவன் செத்தவனாவே கிடக்கணும், புரியுதா? போன வருஷம் மாதிரி பொணம் எந்திரிச்சு உக்காந்து போன் பேசினா, நானே வந்து இன்னொரு தடவ கொன்னுருவேன்" என்று அக்கா சொல்ல, அந்தப் பழைய பொணம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்.

இதிலே எல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒரு வார்த்தை. போர்க்களத்தில் எல்லோரும்தான் "ஐயோ, அம்மா, செத்தேன்" என்று அலறுவார்கள். நிஜமாகவே கால் முறிந்தவனும் அதைத்தானே அலறுவான்? அவனுக்குக் கைதட்டல்தான் கிடைக்கும். ஆகவே நிஜ வலிக்குத் தனி வார்த்தை வேண்டும் என்று கூடிப் பேசினார்கள். "நிறுத்து" என்றார் ஒருவர். தளபதி வசனத்திலேயே அது வருகிறது. "தண்ணி" என்றார் இன்னொருவர். சாகிறவன் எல்லாம் தண்ணிதான் கேட்கிறான். "குடை?" ராஜாவுக்குக் குடை பிடிக்கிறார்களே! கடைசியில் கண்ணாடிக்காரர்தான் சொன்னார்: "சோப்பு. எந்த ராஜா காலத்துல சோப்பு இருந்துச்சு?" எல்லோரும் சிரித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சோப்பு என்று யார் கத்தினாலும், ஓங்கின வாள் ஓங்கினபடி நிற்க வேண்டும். அடிபட்டும் அந்த வார்த்தையைச் சொல்லாதவரைக் குழுவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். "குளத்துல கத்துறவன இழுத்துப் போட்டுருவேன். கத்தாம முங்குறவனத்தான் என்னால காப்பாத்த முடியாது" என்பார் அக்கா.

அந்த வருஷம் சாவிக்காரருக்கு உபதளபதி வேஷம் கிடைத்தது. புதுத் தலைக்கவசம், மேலே சிவப்புக் குஞ்சம், நாலு வரி வசனம். குழுத் தலைவர் வீட்டு பீரோ பூட்டை அவர் காசு வாங்காமல் சரி செய்து கொடுத்தது நிஜம்தான். அதை விடுவாரா கண்ணாடிக்காரர்? சண்டை அன்றைக்குக் காலையில் களத்திலேயே ஆரம்பித்தார்.

"தலைவருக்கு என்னமா சோப்பு போட்டீங்க, சம்பந்தி? நுரை இங்க வரைக்கும் வருதே!"

"அண்ணே!" விசில் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "களத்துக்குள்ள அந்த வார்த்தைய விளையாட்டுக்கு எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

கண்ணாடிக்காரர் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். சாவிக்காரரும் சிரித்தார், ஆனால் சுருக்கென்றது. பக்கத்தில் நின்ற மருமகள் காதில் விழுந்திருக்குமோ என்று பார்த்தார்.

சாயங்காலம் சண்டை. இரண்டு சம்பந்திகளும் எதிரெதிரே வந்தபோது கூட்டம் விசிலடித்தது. அவர்கள் சண்டைக்கு மூன்று வீச்சு. முதல் வீச்சு கேடயத்தில். இரண்டாவது வாளில். மூன்றாவது வீச்சு தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றிலே நிற்கும், கண்ணாடிக்காரர் தடாலென்று விழுவார். அந்த மூன்றாவது வீச்சைச் சாவிக்காரர் கடையை மூடிவிட்டு ஷட்டருக்குப் பின்னால் எத்தனையோ நாள் பழகியிருந்தார்.

இரண்டு வீச்சு முடிந்தது. கண்ணாடிக்காரர் கால் ஒரு குழியில் இறங்கி மடங்கியது. கேடயம் நழுவியது.

"சோப்பு! சம்பந்தி, சோப்பு!"

வாள் தலைக்கு மேலே இருந்தது. கூட்டம் 'ஓ' என்று இரைந்ததில் அந்த வார்த்தை வேறு யாருக்கும் கேட்கவில்லை. கயிற்றோரம் மனைவியும் மருமகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது ஒன்றை மட்டும் முடித்துவிடுவோம் என்று சாவிக்காரருக்கு ஒரு நினைப்பு. அவ்வளவுதான், கண்ணுங்களா, கண் இமைக்கிற நேரம். வாளை இறக்கினார். கால் மடங்கின மனுஷன் முன்னால் சாய்ந்தார். வாள் நிற்க வேண்டிய இடத்தில் காற்று இல்லை, தோள் இருந்தது.

சுள்ளி முறிகிற சத்தம். கூட்டம் கைதட்டியது.

விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்த அக்கா மண்டியிட்டுப் பார்த்தார். தோளடியில் காறை எலும்பு முறிந்திருந்தது. நிமிர்ந்து சாவிக்காரரைக் கேட்டார்:

"சொன்னாரா?"

யோசிக்கக் கூட இல்லை. தலை தானாக ஆடியது. "இல்லக்கா. சொல்லல."

கீழே கிடந்தவர் அவரைப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்த தன் மகளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாக்கா. வலியில வாய் வரல."

வீட்டுக்கு வந்த பிறகு, மருமகள் தினமும் போனில் அப்பாவைத் திட்டினாள். "ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னப்பா? நீங்களே கண்டுபிடிச்ச வார்த்த! ஊரே சிரிக்குது. இப்போ உங்கள வெளிய அனுப்பப் போறாங்களாம், நல்லாருக்கா?" அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, இவள் மூக்கை உறிஞ்சுவாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "மாமா, சாப்பிட வாங்க" என்பாள். சாவிக்காரர் பாதிச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். கடையில் வெட்டிய சாவி ஒன்றும் பூட்டில் திரும்பவில்லை. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

மனைவியோடு சம்பந்தியைப் பார்க்கப் போனார். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த கண்ணாடிக்காரர் எழுந்து, இருந்த ஒரே நல்ல நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டார். தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெண்கள் உள்ளே போனதும் சாவிக்காரர் சொன்னார்:

"நீங்க சொன்னீங்க சம்பந்தி. எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்." கண்ணாடிக்காரர் சிரித்தார். "விடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

"உங்களக் குழுவ விட்டு அனுப்பிருவாங்களே. அத விட்டா உங்களுக்கு வேற என்ன இருக்கு?"

"பரவால்ல. எம் பொண்ணு உங்க வீட்டுல இருக்கா சம்பந்தி."

அதை அவர் குத்திச் சொல்லவில்லை. மழை வருது, துணிய எடுங்க என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் சாவிக்காரரை அறைந்தது. தன்னோடு தோளில் கை போட்டுத் திரிந்த மனுஷன், தன்னைப் பகைத்தால் தன் மகள் கஷ்டப்படுவாள் என்று பயப்படுகிறான். அப்படி நினைக்கத் தான் என்ன செய்தோம் என்று யோசித்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார். நல்ல நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தோம் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. அப்பாவால் வர முடியாது என்று மருமகள் வந்திருந்தாள். ஒத்திகைக் கொட்டகையில், சாய்த்து வைத்த ஈட்டிகளுக்கு நடுவே எழுந்து நின்று புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

"எங்கப்பா மேல தப்புதான். ஒத்துக்கிறேன். அவருக்கு இத விட்டா வேற பொழுதுபோக்கு இல்ல. இந்த ஒரு தடவ..."

"உக்காரும்மா" என்றார் சாவிக்காரர். குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "உங்கப்பா மேல தப்பு இல்ல. அவர் சொன்னார். ரெண்டு தடவ சொன்னார். எனக்குக் கேட்டுச்சு."

விசில் அக்கா அவரையே பார்த்தார். அவருக்கும் இந்த மனுஷனோடு பல வருஷப் பழக்கம். அவர் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தார்.

"காலையில அவரு அந்த வார்த்தைய வச்சுக் கிண்டல் பண்ணினாரே. அந்த மாதிரி கிண்டல்னு நெனச்சிட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். பாதிப் பழி கண்ணாடிக்காரர் மேல் போய்விடும், இவரும் அவரும் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வருஷமும் களத்தில் நிற்கலாம். சாவிக்காரர் மருமகளைப் பார்த்தார்.

"இல்லக்கா. கிண்டல் குரல் எனக்குத் தெரியாதா? நிஜம்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் அடிச்சேன். கைதட்டல் வேண்டியிருந்துச்சு."

"அவரு குழுவுல இருப்பார். நீங்க இனிமே களத்துல கால் வைக்க வேணாம், அண்ணே" என்றார் அக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே மருமகள் முன்னால் நடந்தாள், இவர் பின்னால். திரும்பாமலே சொன்னாள்: "தெனமும் எங்கப்பாவத் திட்டினேன் மாமா. நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுட்டே இருந்தீங்க."

"ஆமாம்மா" என்றார்.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கண்ணாடிக் கடைக்குள் போனாள். சாவிக்காரர் தெருவில் நின்றார். உள்ளே அவள் அழுவது கேட்டது. கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். கையில் கட்டு, காலில் செருப்பு இல்லை.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க? நான் மூடி வச்சத எதுக்குத் தொறந்தீங்க? உள்ள பாருங்க, எப்படி அழறான்னு!" மூச்சு வாங்கியது. பிறகு, கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயில் வராத ஒரு 'நீ' வந்தது. "நான் கத்துறேன், உனக்குக் கேக்குது. அப்புறமும் ஏன்டா அடிச்ச? என்னைப் பாத்து ஏன்டா அடிச்ச? உன் சிநேகிதன்டா நான்!"

தெரு நின்று பார்த்தது. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் கூட நின்றுவிட்டது. சாவிக்காரர் தலையைக் குனியவும் இல்லை, கையைக் கூப்பவும் இல்லை. அந்தத் திட்டு ஒவ்வொன்றும் தனக்கு உரியதுதான் என்று வாங்கிக்கொண்டு நின்றார். மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு இல்லை. மருமகள் இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தாள், வந்தும் வெகுநாள் அளவாகத்தான் பேசினாள். ஆனால் கண்ணாடிக்காரர் அதற்குப் பிறகு, பெண் கொடுத்த பயத்தில் இவருக்காக நாற்காலியை இழுத்துப் போடவே இல்லை.

போதும், கண்ணுங்களா. எழுந்து போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் வலிக்கிறவர் வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்லும் தைரியத்தோடு இருக்கட்டும். கேட்கிறவருக்கு முதல் தடவையே காது கேட்கட்டும். பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும் பயமில்லாமல் திட்டிக்கொண்டு, பசித்தால் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும். உங்கள் அடுப்பும் உங்கள் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்கட்டும்.