ஒன்பதால் மீதியின்றி வகுபடும்

ராஜலிங்கம் சார் பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் முதலில் அதன் எண்ணைத்தான் பார்ப்பார். கடைசி இலக்கம் ஐந்தோ பூச்சியமோ என்றால் அது ஐந்தால் வகுபடும். கடைசி இரண்டு இலக்கங்கள் நான்கால் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். எல்லா இலக்கங்களையும் கூட்டி வருவது மூன்றால் வகுபட்டால் எண்ணும் மூன்றால் வகுபடும், ஒன்பதுக்கும் அதே கதைதான். கண்டியில் ஏறியவர் தெல்தோட்டையில் இறங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவருடைய காது புண்ணாகிவிடும். ஏழுக்கு மட்டும் இப்படிச் சுலபமான வழி இல்லையென்று ஏழின்மேல் அவருக்குத் தீராத கோபம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எரிச்சலும் வரும்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து, வெடிப்புக்குள் கை போகும் அளவுக்கு அகன்றது. மலையூற்றுப் பீலியில் எப்போதும் கண்ணாடி மாதிரி விழும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. நாய்கள் முதல் நாளே கீழே இறங்கிவிட்டன. நாங்கள்தான் சாமான்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் ராணுவத்தார் வந்து உடனே பள்ளிக்கூடத்துக்கு இறங்கச் சொன்னார்கள். பாதை முழுக்கச் சேறு, அதன்மேல் பனிமூட்டம். முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. கைவசம் இருந்த நைலோன் கயிற்றைத் துண்டுகளாக வெட்டி, ஒரு கயிற்றைப் பிடித்தபடி ஒன்பது பேர் என்று அனுப்புவதாக முடிவானது. அதற்குமேல் பிடிக்கக் கயிற்றில் இடமில்லை. ஒன்பது என்றதும் சாரின் முகம் மலர்ந்துவிட்டது.

தோட்டத்தில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள், கெலிஓயாவில் சொந்தக்காரர் வீட்டுக்கு முன்கூட்டியே போனவர்கள், விடுமுறைக்கு வந்து நின்றவர்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தது. தோட்டத் தலைவர் ரவிகுமாருக்கு அதுதான் கவலை.

"கயித்தையும் எண்ணிக்குவோமா சார்?" என்று கேட்டார்.

"எதுக்குத் தலைவரே? நீங்க பள்ளிக்கூட வாசல்ல நின்னு தலைய மட்டும் எண்ணுங்க. மொத்தத்தோட இலக்கத்தக் கூட்டுங்க. ஒன்பதால வகுபட்டா எல்லாரும் வந்தாச்சு. ஒரு ஆள் குறைஞ்சாலும் கணக்கு காட்டிக்குடுத்துரும்."

அந்த மழையிலும் எங்களுக்கு அது அழகாகத்தான் பட்டது. சார் மேலேயே நின்று ஒவ்வொரு கயிறாக அனுப்பினார். அவருடைய மனைவி பிரேமிளா, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், சரியாக நடக்க முடியாதவர்கள் இருந்த கயிற்றோடு போனார். கடைசிக் கயிற்றில் ஆள் குறைந்தபோது, கயிறு பிடிக்காமல் தனியாக இறங்கத் தொடங்கியிருந்த பையன்கள் இரண்டு பேரைத் திரும்பக் கூப்பிட்டு ஒன்பதாக்கிக்கொண்டுதான் சார் இறங்கினார். அந்தக் கயிற்றில் நானும் இருந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் ரவிகுமார் சொன்னார்: "நூத்தியெட்டு சார்."

"ஒன்னும் எட்டும் ஒன்பது!" சார் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். எல்லோரும் வந்துவிட்டார்களா, இன்னொரு தடவை மேலே போய்ப் பார்க்க வேண்டுமா என்று ராணுவத்தார் சிங்களத்தில் கேட்டார்கள். தேவையே இல்லையென்று சார் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்களுக்கும் வேறு தோட்டங்கள் காத்திருந்தன. லொறி கிளம்பிப் போய்விட்டது.

மனைவி பின்பக்கம் சமையலில் இருப்பாள் என்று நினைத்து சார் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. அப்போதுதான் கொழுந்து எடுக்கும் சீதா வந்து நின்றாள்.

"சார், பிரேமிளாக்கா எங்க? புள்ளைக்கு மாத்திரை அவங்க பையிலதான் இருக்கு. அடுப்பங்கரையில தேடிட்டேன், காணோம்."

"இங்கதான் இருப்பா. எல்லாரும் வந்தாச்சே."

"எங்களுக்கு முன்னாடி போன கயிறு அவங்களோடது. பீலிக்கிட்ட ஒரு அம்மாவுக்குக் கால் இழுத்துக்கிச்சு. பழைய ஸ்டோருக்குள்ள கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வர்றோம், நீங்க முந்திப் போங்கன்னாங்க. யாரும் பிரியக் கூடாதுன்னு கயித்தோட மொத்தப் பேரும் உள்ள போனாங்க."

பழைய ஸ்டோர் என்பது மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை. மேல் லயத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

"வந்திருப்பாங்க சீதா. கணக்கு சரியா இருக்கே. ஒன்னும் எட்டும்…"

சார் கரும்பலகையடியில் கிடந்த சோக்குத் துண்டை எடுத்தார். 108 என்று எழுதி, அதன்கீழ் ஒன்பதைக் கூட்டினார். 117. ஒன்றும் ஒன்றும் ஏழும் ஒன்பது. எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ஒரு ஆள் குறைந்தால் கணக்கு காட்டிக்கொடுக்கும். ஒரு கயிறே குறைந்தால் அது வாயே திறக்காது.

"எத்தனை கயிறு அனுப்புனோம்?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சொல்லு, எத்தனை கயிறு?"

யாருக்குத் தெரியும்? பாழாய்ப்போன கணக்கை நம்பி மேலே யாருமே எண்ணவில்லை. சார் வாசலுக்கு ஓடினார். லொறி போன தடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. செருப்பில்லாமல் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

நாங்கள் முதல் வளைவைக்கூடத் தாண்டவில்லை. மேலே பனிமூட்டத்துக்குள் மரங்கள் முறியும் சத்தம் கேட்டது. பிறகு பெரிய லொறிகள் பல ஒன்றாகக் கல் கொட்டுவது போன்ற சத்தம். நிலம் காலுக்கடியில் அதிர்ந்தது. அது அடங்கியபின் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. சார் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலிருந்து ரவிகுமார் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சாரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்:

"லயம் போயிருச்சு சார். போனாப் போகட்டும். நல்ல வேளை, ஒங்க புண்ணியத்துல ஒருத்தர் விடாம எறக்கிட்டோம்."